லைசென்ஸ் ஆளுக்கில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் லேசாகக் காய்ச்சல் வந்தது, பயப்படாதே. அறையிலிருந்தே வேலை பார்க்கலாமென்று என் லேப்டாப்பில் கம்பெனி சர்வருக்குள் போகப் பார்த்தேன். இந்த லேப்டாப்புக்கு சாஃப்ட்வேர் லைசென்ஸ் இல்லையென்று வெளியே தள்ளிவிட்டது. மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"லைசென்ஸ் ஆளுக்கு வாங்கலப்பா, ஆபீஸ் மெஷினுக்குத்தான் வாங்கியிருக்கு. ஒரே மெஷின்ல ஷிப்டுக்கு ஒருத்தரா மூணு பேர் உக்காரலாம். ஆளுங்க வருவாங்க, போவாங்க. மெஷின் இங்கேயேதான இருக்கும்? உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றார்.

கணக்கு சரிதான். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினேன். அதற்குள் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். என் வேலை பாதி முடிந்திருந்தது. மெஷினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்த நாற்காலியின் சூடு ஆறுவதே இல்லை, அம்மா.

இப்போது உடம்பு தேவலை. ஷிப்டுக்கு நேரமாகிறது, கிளம்புகிறேன். இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தனுப்பு. இங்கே டம்ளருக்குப் பஞ்சமில்லை. என் பெயருக்கென்று ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

உன் பிள்ளை