காலுக்குத் தெரிகிற தெரு

அப்பாவின் செல்ல ஹாரனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். தினமும் போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ அவசரப்படுவாய், நான் அழுதுவிடுவேன், அப்பா பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் ஒரேயடியாக இங்கே வந்துவிடுங்கள், பார்வை போன மனுஷரை வைத்துக்கொண்டு நீ ஒருத்தி என்ன செய்வாய், எங்கேயாவது விழுந்து தொலைத்தால் யார் தூக்குவது என்று போன வாரம் ஒரு பிடி பிடித்தாயே, அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அறை ஜன்னல் மழையில் உப்பிப்போய் மூடவே மாட்டேன் என்று அடம் பிடித்தது, தச்சர் வந்து இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். உன் பழைய சைக்கிளைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அப்பா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார், அப்பாவும் ஓட்டப்போவதில்லை நானும் ஓட்டப்போவதில்லை, துருப்பிடித்தாலும் இங்கேயே இருக்கட்டுமாம். எனக்கு முட்டி வலி முன்னைக்குப் பரவாயில்லை. காரணம் நடை. சிரிக்காதே, உன் அம்மாதான், தெருமுனைக் கடைக்குப் போகவே மூக்கால் அழுகிறவள்தான், இந்த இரண்டு மாதமாக ஊரையே காலால் அளந்துகொண்டிருக்கிறேன்.

நடைபாதையில் மஞ்சளாக மேடு வைத்த கற்கள் பதித்திருப்பார்களே, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதன்மேல் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய் செருப்பைப் பிய்த்துக்கொள்வாய், ஞாபகம் இருக்கிறதா. அது கண் தெரியாதவர்கள் காலால் வழி கண்டுபிடிப்பதற்காகப் போட்டது. நீளக் கோடாக இருந்தால் நேராகப் போகலாம், புள்ளி புள்ளியாக இருந்தால் நில், முன்னால் ரோடோ படியோ இருக்கிறது என்று அர்த்தம். நூலகத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் இந்தக் கற்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன, எங்கே அறுந்துபோயிருக்கின்றன என்று ஊர் முழுவதற்கும் ஒரு வரைபடம் போடுகிறாள். நாம் நடந்து பார்த்து போனில் குறித்துக் கொடுத்தால், பார்வையில்லாதவர்கள் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் போன் வழியைப் படித்துச் சொல்லிவிடுமாம். வரைபடம் என்று காதில் விழுந்ததும் எனக்குக் கை பரபரத்துவிட்டது. பொறியாளர் அலுவலகத்தில் இந்த ஊர் ரோடுகளையெல்லாம் மை தொட்டு வரைந்தவள் நான்தானே. குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன், சுற்றினேன், குறித்தேன், கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் காட்டிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அப்பாவிடமும் பீற்றினேன், அங்கேதான் மூக்கு உடைந்தது. அவர் அப்போது இருந்த இருப்பு உனக்குத் தெரியாது, போனில் உன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசிவிடுவார். காலம் பூராவும் டவுன் பஸ் ஓட்டிய மனுஷர், மிச்சமிருந்த வெளிச்சமும் போன பிறகு காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பிரம்பு நாற்காலியே கதி என்று கிடந்தார். இடது கால் மட்டும் தரையை அமுக்கி அமுக்கி எடுக்கும், கிளட்ச் மிதிப்பதுபோல. என் வரைபடத்தைப் பற்றிச் சொன்னதும், சரி, என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு என்றார். பாங்கிக்கு எதிர்ப்பக்கம் பளபளவென்று கோடு போகிறது, அதில் கொண்டுபோய் நிறுத்தினேன். கோலால் தடவினார், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவினார், இங்க பெயிண்ட்தாம்மா இருக்கு, கல்லக் காணோமே என்றார். குனிந்து கை வைத்துப் பார்க்கிறேன், மேடெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, அதன்மேலேயே யாரோ புதிதாக மஞ்சள் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் நிறம் வெளுத்துப்போய் சாதாரணத் தரையாட்டம் இருந்ததால் கல் இல்லை எனக் குறித்திருந்தேன், அங்கே இவர் கால் கோட்டைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறது. கண் தெரியாதவர்களுக்கான வரைபடத்தை நிறத்தைப் பார்த்துப் போட்டு வைத்திருக்கிறேன் பார், என் புத்தியை என்னவென்று சொல்ல. அவர் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரி வாட்ச்மேனே எழுந்து வந்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அவர் முன்னால் கோலோடு போவார், கோடு, கோடு, புள்ளி, இங்க ஒரு கல்லு ஆடுது என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார், நான் பின்னால் போனில் குறித்துக்கொண்டே வருவேன். கோடென்றால் கியர் மாறும், புள்ளியென்றால் வலது கால் பிரேக்கில் விழும், அப்படித்தான் அவருக்குப் பழகியது. நடக்க நடக்க நீதான் என் கண்ணில் நின்றாய். ரயில் பாலத்துக்கு அடியில் கூவிவிட்டு எதிரொலி வருகிறதா என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாய். பஸ்ஸில் அவர் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் துண்டு போட்டு உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத் திருப்பத்தில் எட்டி ஹாரனை அமுக்கி நடந்து போகிற வாத்தியாரைத் துள்ள வைப்பாய். அந்தத் திருப்பம் வந்ததும் அப்பா நின்று பாம், பாம் என்று வாயாலேயே ஹாரன் அடித்தார். நடுரோட்டில் எனக்கு மானம் போயிற்று, கண்ணும் கலங்கிற்று. அந்த நாட்களையெல்லாம் நாம் எவ்வளவு அலட்சியமாகச் செலவழித்துவிட்டோம்.

இனிமேல் சொல்லப்போவதை மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. டிப்போ ரோடு முனையில் நடைபாதை முடிந்து ரோடு தொடங்குகிற இடத்தில் புள்ளிக் கல் இருக்க வேண்டும். பதித்தவர் மறந்தாரோ கல் தீர்ந்துபோயிற்றோ, கோடே நேராகப் போய் ரோட்டில் முடிகிறது. நான் பின்னால் குனிந்து போனைக் குடைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பஸ் ஒன்று திரும்புகிறது, இவர் அதை நோக்கி வேகமாகப் போகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் விளிம்பில் போய்ப் படக்கென்று நின்றுவிட்டார், பஸ் அவர் சட்டையை உரசுவதுபோல் போயிற்று. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, புள்ளியே இல்லையே, எப்படி நின்னீங்க என்று கேட்கிறேன். இங்கதானடி உனக்காக எஞ்சின் மக்கர் பண்ணும் என்றார்.

உனக்கு இந்தக் கதை தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலைக்குப் போனது அவர் பஸ்ஸில்தான். சுருட்டிய படங்களைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் எஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்று வண்டியை எடுக்க மாட்டார். உள்ளே சனமெல்லாம் முணுமுணுக்கும். மக்கர் பண்றது எஞ்சினா டிரைவரா என்று கண்டக்டர் சத்தமாகக் கேட்பார், நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவேன். அந்த இடம் அது. கல் நில் என்று சொல்லவில்லை, அவர் கால் தானாக நின்றுகொண்டது. அதைச் சிவப்பில் ஆபத்து என்று குறித்தேன். எனக்குத்தான் இந்த இடம் தெரியுமே, எதுக்குச் சிவப்பு என்றார். இந்தப் படம் உங்களுக்கு மட்டுமா என்று கேட்டேன். அந்த நூலகப் பெண் மனு எழுதி இரண்டு முறை அலைந்தாள், இப்போது அங்கே புள்ளி பதித்துவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவர் தனியாகவே டிப்போ டீக்கடைக்குப் போய் வந்தார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், பின்னால் போகவில்லை, வரக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து டீ வெறும் தண்ணி, அந்தக் கண்டக்டர் இன்னும் அதே பொய்யெல்லாம் சொல்றான் என்று ஒரு மணி நேரம் திட்டினார். எவ்வளவு சந்தோஷமாகத் திட்டினார் தெரியுமா.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன்னோடு வந்து இருக்க எங்களுக்கு ஆசை இல்லாமலா. அப்பாவிடம் கேட்டேன். எனக்கும் புள்ளைய விட்டா யாரு, வர்றேன், ஆனா பெட்டி மாதிரி தூக்கிட்டுப் போய் ஒரு மூலைல வைக்கக் கூடாது என்றார். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் நீ ஒரு வேலை செய். மாப்பிள்ளையைப் பின்னால் வரச் சொல், மெல்லிய செருப்பாகப் போட்டுக்கொள், கண்ணை இறுக மூடிக்கொண்டு உன் வீட்டு வாசலிலிருந்து டீ கிடைக்கிற இடம் வரைக்கும் நட. என்னைப்போல மஞ்சளைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதே. எங்கே கல் இல்லையோ அங்கே கேட்டு, அலைந்து, போட வை. அதற்கு எத்தனை நாளானாலும் ஆகட்டும், அதுவரை நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருப்போம். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். கண்ணை மூடி நடப்பதை மட்டும் மறந்துவிடாதே கண்ணு. இங்கே கல் கைவிட்ட இடத்தில் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. அங்கே அவருக்கு ஒரு ஞாபகமும் கிடையாது, நீ மட்டும்தான் இருக்கிறாய்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா