ஜூன் 14 பாய்ச்சலும் ஜூன் 3 விதியும்

அனுப்புபவர்:
திருமதி சயந்தினி நாகமுத்து,
நூலக உதவியாளர்,
எசன், ஜேர்மனி.

பெறுநர்:
திரு. புவனேந்திரன் அவர்கள்,
மேன்முறையீட்டு அலுவலர்,
றூர் வட்டாரத் தமிழ் விளையாட்டுக் கழகங்களின் ஒன்றியம்.

விடயம்: கோலூன்றிப் பாய்தலில் என் மகள் செல்வி மிதுசா தாண்டிய 2 மீற்றர் 64 சென்ரிமீற்றர் நீக்கப்பட்டமையும், அவ்வேளை ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எசன் வெண்சுடர் விளையாட்டுக் கழகம் தனது முப்பதாவது ஆண்டு விழாவில் கோலூன்றிப் பாய்தலையும் சேர்த்துக்கொண்டது. கழகத்திடம் வளையும் கோல் இல்லை, விழுவதற்கு மெத்தையும் இல்லை. ஒரு பூந்தோட்டக் கடையிலிருந்து கிடைத்த மூங்கில்கள் மட்டும் இருந்தன. ஆகவே போட்டிக்கு ‘முதற்காலச் சர்வதேச முறைக் கோலூன்றிப் பாய்தல்’ என்று பெயர் சூட்டப்பட்டது. இல்லாததை வரலாறு என்று அழைப்பது எமக்குப் புதிதல்ல என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை.

2. பழைய விதிகளைத் தேடித்தருமாறு விழாச் செயலாளர் திரு. நிஷாந்தன் என்னைக் கேட்டார். எங்கள் நூலகத்திலிருந்து விளையாட்டு வரலாற்று நூலொன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் 112ஆம் பக்கத்தை மட்டும் போட்டோ கொப்பி எடுத்து, மே மாதத்திலேயே மண்டபக் கதவில் ஒட்டினார். கோல் மரமாகவோ மூங்கிலாகவோ இருக்கலாம், மூன்று முறை முயலலாம், தாண்டும் குறுக்குத்தடி விழக்கூடாது, கீழே மரத்தூள் போதும். அவ்வளவுதான் விதி. 113ஆம் பக்கத்தைச் செயலாளர் திருப்பவில்லை. என் மகள் திருப்பினாள். அக்காலத்தில் இங்கிலாந்து வீரர் சிலர் கோலை ஊன்றி, அது நிமிர்ந்து நிற்கும் கணத்தில் கைக்கு மேல் கை வைத்து ஏறித் தடியைத் தாண்டினர் என்று அங்கே படத்துடன் இருக்கிறது.

3. பெயர் பதியச் சென்றபோது திரு. நிஷாந்தன், “அக்கா, அந்தக் காலத்திலை பொம்பிளையள் ஒருத்தரும் பாயேல்லை” என்றார். “தம்பி, அந்தக் காலத்திலை தமிழரும் ஒருத்தரும் பாயேல்லை. பிறகேன் இவ்வளவு பேர் வரிசையிலை நிக்கினம்?” என்று விளக்கம் கோரினேன். கூரை ஏறிக் கோழி பிடிக்காதவர் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவது பற்றிய பழமொழியை அவர் நினைவூட்டினார். மிதுசா கூரை வேலையில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்பவள், நாள்தோறும் கூரை ஏறுபவள், ஆகையால் அப்பழமொழி அவளைக் கட்டுப்படுத்தாது என்று தெரிவித்தேன். பெயர் பதியப்பட்டது.

4. ஜூன் 14 அன்று கழகத் தலைவரின் மகன் செல்வன் அபிஷன் 2 மீற்றர் 35 தாண்டினார். நல்ல பாய்ச்சல், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மிதுசா தடியை 2 மீற்றர் 64இல் வைக்கச் சொன்னாள். ஓடினாள், ஊன்றினாள், மூங்கில் நிமிர்ந்தபோது மூன்று பிடி மேலே ஏறி, தடியைத் தொடாமல் மறுபுறம் மரத்தூளில் விழுந்தாள். பாய்ச்சல் செல்லும் என்று நடுவர் வெள்ளைக் கொடியை உயர்த்தினார்.

5. அப்போது ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருந்த திரு. நிஷாந்தன் பின்வருமாறு அறிவித்தார்: “உது பாய்ச்சல் இல்லை, களவு. ஏறுறது அவையின்ரை பழக்கம்தானே!” சனம் சிரித்தது. எல்லோரும் அல்லர். நாங்கள் ஊரில் எந்தப் பக்கம் என்று அறிந்தவர்கள் சிரித்தார்கள். கலியாண வீடுகளில் “அக்கா, நீங்கள் எந்தப் பக்கம்?” என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டறிந்தவர்கள் அவர்கள். ஊராரைப் பதிந்து வைக்கும் விதானையார் இல்லாத நாட்டிலும் அந்தப் பதிவேடு ஒழுங்காகப் பேணப்படுகிறது.

6. என் தந்தை நாகமுத்து பனை ஏறிக் கள் இறக்கியவர். அதை மறைக்க நான் இம்மனுவை எழுதவில்லை. அவர் பெயரிலேயே கையெழுத்திடுகிறேன். ஆனால் என் மகள் பனை மரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஏறும் பழக்கம் அவளுக்கு இந்நகரத் தொழிற்பாடசாலையில், சாரம் கட்டும் வகுப்பில், சான்றிதழுடன் வந்தது.

7. அவளுக்கு வேலை பழக்கும் ஜேர்மன் மேலாளர் எனக்குப் பக்கத்தில் நின்றார். ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். “நன்றாக ஏறுகிறாள் என்கிறார்கள்” என்று மொழிபெயர்த்தேன். அவர் பலமாகக் கைதட்டினார். அன்று மைதானத்தில் அவளுக்குக் கைதட்டியவர் அவர் ஒருவரே என்பதைப் பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன்.

8. மிதுசாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. திரும்பும் வழியில், ட்ராமில், “அம்மா, அவை எண்டு ஆரைச் சொன்னவர்?” என்று கேட்டாள். பத்தொன்பது ஆண்டுகள் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை ஏழு தரிப்பிடங்களுக்குள் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு, “எல்லாரும் ஒரு பையோடைதானே வந்தனீங்கள்? இதை எதுக்கை வைச்சுக் கொண்டந்தவை?” என்றாள். இதற்கான விடை தங்களிடம் இருப்பின் பதிலில் சேர்த்துக்கொள்ளவும்.

9. மறுவாரம் முடிவுப் பட்டியல் வந்தது. முதலிடம் செல்வன் அபிஷன். மிதுசாவின் பெயருக்கு எதிரே ‘விதிமீறல்’. எந்த விதி என்று கேட்டதற்கு ஓர் அறிவித்தல் தரப்பட்டது; பிரதி இணைக்கப்பட்டுள்ளது. கோலை ஊன்றிய பின் கையை மேலே நகர்த்தக்கூடாது என்கிறது அது. இடப்பட்ட திகதி ஜூன் 3. அதன் இரண்டாவது வாக்கியம் இவ்வாறு தொடங்குகிறது: “14.06 அன்று நடந்த விரும்பத்தகாத சம்பவத்தைக் கருத்திற்கொண்டு…” ஏடு பார்த்துப் பலன் சொல்வோரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பதினொரு நாள் முந்தியே சம்பவத்தைக் கருத்திற்கொள்ளும் விழாக்குழுவை இப்போதுதான் காண்கிறேன்.

10. விதியை மாற்றினார்கள் என்பது என் முறைப்பாடு அல்ல. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய் ஏறி வென்றவரைக் கண்டு, அமெரிக்கரும் பின்னர் ஏறுவதைத் தடுத்தார்கள். அடுத்த போட்டியிலிருந்து தடுத்தார்கள். வென்றவரின் வெற்றியை அவரிடமே விட்டார்கள். அதுவும் 113ஆம் பக்கத்தில் இருக்கிறது.

11. ஆகவே, ஐயா, கோப்பையோ மன்னிப்புக் கடிதமோ நான் கேட்கவில்லை. மிதுசாவின் பெயர் நீக்கப்பட்டதற்கான காரணத்தைக் கழகத்திடமிருந்து எழுத்தில் பெற்றுத் தாருங்கள். காரணம் விதி என்றால், அவ்விதி உண்மையில் எழுதப்பட்ட நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்நாள் ஜூன் 14க்குப் பிந்தியதாயின் 2 மீற்றர் 64ஐ அவள் பெயரில் மீண்டும் பதியச் செய்யுங்கள். காரணம் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது என்றால், அதையே காரணமாக எழுதி, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு, கழக முத்திரையுடன் தரட்டும். ஊரில் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் எங்களுக்கு அது வாயால் மட்டுமே சொல்லப்பட்டது. எழுத்தில் ஒருபோதும் தரப்படவில்லை. என் மகளிடமாவது ஒரு பிரதி இருக்கட்டும்.

தங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
சயந்தினி நாகமுத்து

இடம்: எசன்
திகதி: 30.06.2025
(இத்திகதி, மனு எழுதப்பட்ட அதே நாளில் இடப்பட்டது.)

இணைப்பு: 112ஆம், 113ஆம் பக்கங்கள், ஜூன் 3 அறிவித்தல்.