இரண்டாம் ஓலை

ஜூன் 15, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பாடற்குழுப் பக்கம் ஒரு வாளி, பீடத்தடியில் ஒரு சட்டி. டக் டக் என்று அதுவும் சேர்ந்தே செபம் சொன்னது. பாதர் மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் டவுனிலிருந்து பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசகம், செபம், அறிவிப்பு எல்லாம் உபதேசியாராகிய என் தலையில்.

இன்று மகள் ஸ்டெல்லாவின் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர் வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். எத்தனையோ பேருக்கு வாசித்தவன், இன்று என் பெயரையே வாசித்தேன். “சூசை, காலஞ்சென்ற பிலோமினா இவர்களின் மகள்...” மனைவி பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. போய் நாலு வருஷம்.

ஓலை வாசிக்கும்போது பெண் கோயிலில் உட்காருவதில்லை, எங்கள் வழக்கம். ஸ்டெல்லா பஸ் பிடித்து டவுன் பூசைக்குப் போய்விட்டாள். வரும்போது இரண்டு மாலுபாண், மீன் வைத்த பன். சூடு ஆறவில்லை.

ஜூன் 18, புதன்

மழை விட்டு விட்டு. கோயிலுக்கு வாங்க வேண்டியது: மெழுகுதிரி, தார் ஒரு டின், விளக்குமாறு.

குசினியில் அடுப்புக்கு மேல் சுவரில், தான் போன பிறகு எனக்கென்று ஸ்டெல்லா ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சர் புத்தி.
1. பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று. மறந்தால் இரவில் இரண்டு போடக் கூடாது.
2. காஸ் மூடவும்.
3. நனைந்த கம்பளியோடு உட்கார வேண்டாம்.
4. சனிக்கிழமை மன்னாரிலிருந்து போன் எடுப்பேன். சிக்னல் உள்ள இடத்தில் நிற்கவும்.

“நான் என்ன சின்னப் புள்ளையா?” என்று கேட்டேன். “அதுக்கும் மேல” என்றாள்.

எங்கள் ஓலை நினைவு வந்தது. மாப்பிள்ளையும் அன்றைக்கு அங்கே நிற்கக் கூடாது. ஆனால் என் பெயரும் பிலோமினா பெயரும் ஒன்றாக வருவதை ஒரு தடவை காதால் கேட்க ஆசை. மணிக்கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அன்றைய உபதேசியார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். “தடை ஒன்னும் இல்ல, மாப்பிள்ளை மட்டும் மழையில நனையிறாரு” என்று சபைக்கே அறிவித்தார். செய்தி கேட்டு பிலோமினா எட்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஒன்பதாவது நாள் தேயிலைக்குள்ளே என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள்.

இன்னும் பதினேழு நாள்.

ஜூன் 22, ஞாயிறு

பேய் மழை. வந்தது பதினெட்டுப் பேர். அறிவிப்புகள்: சனிக்கிழமை கூரைக்குத் தார் பூச சிரமதானம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் குடை கொண்டுவரவும். மேல் லயத்து ஞானம் ஆஸ்பத்திரியில், செபிக்கவும்.

அடுத்தது ஓலை. தாள் கையில். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கடைசிப் பாட்டை எடுத்துக்கொடுத்தேன்.

பாடற்குழு அருளாயி வாசலில் பிடித்துக்கொண்டாள். “என்னங்க உபதேசியாரே, பொண்ணு பேரக் காணோம்?”

“மறந்துட்டேன் தாயி.”

மறக்கவில்லை. இந்தக் கொப்பியிலும் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? ஜூலை 5 கல்யாணம். 15, 22, 29, சரியாக மூன்று ஞாயிறுதான் இருந்தது. ஒன்றை நான் விழுங்கினால் கல்யாணம் தள்ளிப்போகும். தெரிந்தேதான் செய்தேன். ஒரு வாரம் கூட அவள் வீட்டில் இருப்பாள் என்று மனம் கணக்குப் போட்டது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் மத்தியானம் அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டபோது சந்தோஷமாகவும் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

மன்னாரிலிருந்து மாப்பிள்ளை நிர்மலன் போன். “மாமா, ரெண்டாம் முறையும் வாசிச்சாச்சோ? நாங்கள் வான் பிடிச்சிட்டம். அடுத்த கிழமை வெள்ளி விடியவே வெளிக்கிடுறம்.”

“ம்” என்றேன். இந்த ‘ம்’முக்கும் ஒருநாள் கணக்குச் சொல்ல வேண்டும்.

நல்ல பிள்ளை. ஆசிரியர் பயிற்சியில் ஸ்டெல்லாவோடு படித்தவன். ஈஸ்டருக்கு வந்தபோது இரண்டு சுவெட்டர் போட்டும் பல் கிட்டியது. “இந்தக் குளிருக்க எப்பிடி மாமா குளிக்கிறியள்?” என்று கேட்டான். “யாரு தம்பி குளிக்கிறா?” என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தான். குறை சொல்ல ஒன்றாவது இருந்தால் எனக்கு வசதியாக இருக்கும்.

பக்கத்துக் காம்பிரா வீட்டுச் செல்லம்மா, முருகன் கோயில்காரி, வேலியோரம் நின்று: “மூணு தரம் பேரு கூப்பிட்டு யாருக்கும் ஆட்சேபனை இருக்கான்னு கேப்பீங்களாமே? எங்க கல்யாணத்துல யாரு கேட்டா! கேட்டிருந்தா மொத ஆளா நானே எந்திரிச்சிருப்பேன்.” உள்ளேயிருந்து அவள் புருஷன் இருமினான்.

ஜூன் 26, வியாழன்

மூடுபனி. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, சிக்னல் பிடித்துப் பாதருக்குப் போன் செய்தேன். ஓலை தவறிவிட்டது என்று சொன்னேன்.

“நெசமாவே மறந்துட்டீங்களா, சூசை?”

தொட்டிச் சுவரின் பாசியைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

“ஞாயித்துக்கெழம ரெண்டாம் ஓலை, மூணாம் ஓலை சேத்து வாசிச்சிடுங்க. அனுமதி தர்றேன். ஆனா அதுக்கு முந்தி புள்ளகிட்ட நீங்களே சொல்லிடணும்.”

சாயங்காலம் ஸ்டெல்லா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மூன்று தடவை பக்கத்தில் போனேன். “தேத்தண்ணி வேணுமாப்பா?” என்று மூன்று தடவையும் கேட்டாள். மூன்று தேத்தண்ணி குடித்தேன்.

ஜூன் 28, சனி

வெயில்! சிரமதானத்துக்குப் பதினோரு பேர். செல்லம்மா மகனும் வந்து கூரை ஏறினான். தார் என் வேட்டியில்.

அந்தக் கூரையின் கீழேதான் ஸ்டெல்லா நாலு வயதில் கிறிஸ்மஸ் நாடகத்தில் சம்மனசாக நின்றாள். காலில் அட்டை ஏறியதும் “அம்மா, அட்டே!” என்று கத்திக்கொண்டு, அட்டைப்பெட்டிச் சிறகோடு பீடத்திலிருந்து ஓடி வந்தாள். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“ஞாயித்துக்கெழமையே தெரியும்ப்பா. பஸ்ஸவிட்டு எறங்கையிலயே அருளாயி அக்கா சொல்லிட்டாங்க.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆறு நாளாச்சு.” அப்போதுதான் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். “நான் போறது புடிக்கலன்னா நேரா சொல்லுங்கப்பா. போகல. இங்கயே இருந்துக்கிறேன். இப்படிக் களவா செய்யாதீங்க.”

மெய்யாகவே இருந்துவிடுவாள், அவள் அம்மாவின் பிடிவாதம். ஒரு வார்த்தை போதும். அதுதான் பயமாகிவிட்டது. ரொட்டி கருகியது.

முகம் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “நாளைக்கி நீங்க வாசிக்க வேணாம். நானே வாசிக்கிறேன்.”

“பொண்ணே தன் ஓலைய வாசிச்ச கோயில் எங்கயாச்சும் உண்டா?”

“ஓலைய முழுங்குன உபதேசியார் எங்கயாச்சும் உண்டா?”

ஜூன் 29, ஞாயிறு

மழை இல்லை. கோயில் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா டவுனுக்குப் போகவில்லை. முதல் பெஞ்சில். பின்னால் குசுகுசு: “என்னா இது, பொண்ணே வந்து ஒக்காந்திருக்கு?”

அறிவிப்பு முடிந்ததும் எழுந்து வந்து என் கையிலிருந்து தாளை வாங்கினாள். சபையே சிரித்தது. “இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை” என்று தொடங்கி ஒரு இடத்திலும் தடுமாறாமல் வாசித்தாள். “தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.”

அதோடு தாளை மடிக்க வேண்டும். மடிக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

“ஒரு தடையும் இல்லம்மா” என்றேன். “போயிட்டு வா.”

பாட்டு எடுத்துக்கொடுக்க வேண்டியவன் நான். அருளாயிதான் எடுத்தாள்.