நிரம்பிய குழி

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டு கடந்த பின்னரே இம்மடலை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

இன்று தாம்பரம் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைப்பவர் ரப்பர் பசையைத் திறந்தார். அந்த நெடியில், பம்மலிலுள்ள நம் தொழுநோய் சிகிச்சை நிலையத்தின் அந்நாளைய பின்னறை கண்முன் வந்தது. உணர்வற்ற பாதங்களுக்கென மெத்து ரப்பரில் தாங்கள் செருப்புத் தைப்பீர்கள். அடுத்த அறையில் நான் புண்களுக்குக் கட்டுப் போடுவேன். தங்களுக்கும் அந்நோய் வந்து குணமானதுதான். குதிகாலில் ஆறாத குழிப்புண் ஒன்றை மட்டும் விட்டுச் சென்றிருந்தது.

புண் மூடியவர், நிலையத்தில் உள்ள எல்லோருக்கும் கடலை மிட்டாய் தருவது நம் வழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, தாங்களே பொட்டலத்தோடு வந்தீர்கள்.

“குழி ரொம்பிடுச்சும்மா. இன்னா பாக்குற, எடுத்துக்கோ.”

நிரம்பித்தான் இருந்தது, ஆனால் சதை காலிஃபிளவர்போல் மேலெழுந்து, விளிம்பு தடித்துக் கல்லாயிருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆயினும் நம் நிலைய மருத்துவரின் நூல்களை அகராதியின் துணையோடு வரிவரியாகப் படித்தவள். நாட்பட்ட புண்ணில் அரிதாகப் புற்று முளைக்கும், மரத்த காலில் அது வலிக்காது என்று அறிந்திருந்தேன். மிட்டாய்க்கு என் கை நீளவில்லை.

“இது ஆறுற சதை இல்லண்ணா. டாக்டர் துளி வெட்டி டெஸ்டுக்கு அனுப்பட்டும்.”

“புக்கு படிச்சா நீயும் டாக்டரா?”

பொட்டலத்தை மேசையிலேயே விட்டுச் சென்றவர், இரண்டு வாரம் வரவில்லை. மருத்துவரை அழைத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கே வந்தேன். சோதனை நான் அஞ்சியதையே சொன்னது. முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று, உயிர் தங்கியது. செயற்கைக் காலோடு திரும்பிய அன்று, “மெத்துச் செருப்பு இனிமே ஒத்தக் காலுக்குத்தான். ரப்பர் மிச்சம்” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். நான் மட்டும் தலை நிமிரவில்லை. தங்கள் மகள் திருமணத்தைத் தாங்களே நின்று நடத்தியபோதும் அந்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து, எந்தப் புண் நிரம்பினாலும் என் விரல் முதலில் விளிம்பைத் தடவிப் பார்க்கும். பிறகுதான் முகம் மலரும். சில மாதங்களுக்கு முன் பீர்க்கன்கரணையிலிருந்து வந்த பெண்ணின் பாதத்தில் அதே கல்லான விளிம்பு. மிகத் தொடக்க நிலை. புண்ணைச் சுற்றி வெட்டியெடுத்ததோடு சரி, கால் பிழைத்தது. நடந்தே வருகிறாள். ஆனால், நல்ல செய்தியைக் கெடுத்தவள் என்று என்னோடு பேச மறுக்கிறாள்.

தங்களுக்கு என்மீதிருந்த கோபம் எந்த நாளில் தணிந்தது? தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.