இறக்கிவிட முடியாத சாரம்

தோல் பையின் மூடியைத் தூக்கியதும் பாச்சை உருண்டை நெடிதான் முதலில் வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடியிலிருந்து முந்திரி வாசம். கையை விட்டுப் பார்த்தேன். மக்ரூன் இனிப்பின் தூள் நகக்கண்ணில் வெள்ளையாக ஏறியது. நீ கடைசியாக யாருக்கு எடுத்துக் கொடுத்ததன் மிச்சமோ.

பையை உன் வீட்டுக்காரிதான் கொண்டுவந்தாள். கூடவே ஒரு துணிக்கடைக் கவரில் நாலாக மடித்து உன் கில்ட், ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற அந்த உடுப்பு. பச்சையும் கருநீலமும் கட்டம் போட்டு, நடுநடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஓடுகிற அதே கம்பளித் துணி. "அண்ணன்கிட்ட இருக்கட்டும். வெளிய எடுத்தாலே எனக்கு அழுகையா வருது" என்றாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். உன் மகளுக்குப் பையன் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டில் ஞானஸ்நானம். "அவுக எடத்துல நீங்க வந்து நிக்கணும்னு புள்ள சொல்லுதா."

உன் இடத்தில் நான். எந்த மணப்பாட்டுக்காரர் முன்னால் உன்னைக் கைவிட்டேனோ, அதே மனிதர் முன்னால் போய் நிற்க வேண்டும். கவரை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

நீ அதை முதன்முதலில் கட்டிக்கொண்டு வந்த சாயங்காலம் நினைவிருக்கிறது. கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு, கடைசிப் பயணம் முடித்து வந்திருந்தாய். வழியில் கப்பல் ஸ்காட்லாந்துத் துறைமுகம் ஒன்றில் பழுது பார்க்க ஒன்றரை மாதம் நின்றதாம். அங்கே பட்டறைக்காரன் ஒருவன் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னை அழைத்துப் போனானாம். ஆண்கள் எல்லாரும் இதைத்தான் கட்டியிருந்தார்களாம். அவ்வளவுதான் சொன்னாய். சொல்லிக்கொண்டே பீச் ரோட்டில், டீக்கடை முன்னால், முழங்கால் தெரிய நின்றாய்.

நானோ துறைமுகக் கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தாலே சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கிற ரகம். அன்றைக்கு டீயை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றேன். நீ அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாய்.

கடைக்காரர், தன் கைலிச் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தவர், கேட்டார். "என்னலே இது, பொம்பள பாவாடையா?"

"நீங்க கட்டியிருக்கது என்ன அண்ணாச்சி?"

"சாரம்."

"இதுவும் சாரந்தான். கொசுவம் வச்சுத் தச்ச சாரம். தொட்டுப் பாருங்க."

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நிஜமாகவே தொட்டுப் பார்த்தார். "ஆட்டு ரோமம்லா" என்றார். பிறகு, துவைத்தால் சுருங்குமா, உப்புத் தண்ணீர் பட்டால் சாயம் போகுமா என்று போனது பேச்சு. கேலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் ஊர் முழுக்க உனக்குக் கேள்விதான். மீன் விற்கிற அக்கா, கில்ட்டின் முன்னால் தொங்கும் தோல் பையைக் காட்டி, "வெத்தலைப் பையா அண்ணாச்சி?" என்றாள். நீ அதைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்துக் கொடுத்தாய். அன்றிலிருந்து பையில் எப்போதும் மக்ரூன் இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று காதோடு கேட்டான். "ஒஞ்சாரத்துக்குள்ள என்ன இருக்கோ அதேதாம்லே" என்று நீ உரக்கச் சொன்னதில் கரையே சிரித்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்று உண்டு. இதை ஏன் வாங்கினாய்? அதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாய். பஸ் கண்டக்டருக்கு, "முப்பது வருசம் எஞ்சின் ரூம்ல பேன்ட்டுக்குள்ள வெந்தாச்சு, இனியாவது காத்துப் படட்டும்." மீன்கார அக்காவுக்கு, "அங்கன குளிருக்கு நம்ம சாரம் தாங்கல." பங்குச் சாமியாருக்கு, "நீங்க அங்கி போடலாம், நான் போடக் கூடாதா சாமி?" அவரும் சிரித்துவிட்டு இரண்டு மக்ரூன் வாங்கிக்கொண்டார்.

"கேலி பண்ண வாரவனும் ஒரு கேள்வியோடதாம்லே வாரான். அதுக்குப் பதிலச் சொல்லிட்டா கேலிய மறந்துட்டுப் போயிருவான்" என்பாய். நான் உம் கொட்டுவேன். கேள்வி கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தாமல் இருப்பதுதான் சிநேகிதம் என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

உன் மகள் நிச்சயதார்த்தத்தன்று அதைத்தான் கட்டப் போகிறாய் என்று காலையிலேயே என்னிடம் சொன்னாய். "அங்கன கல்யாணத்துக்குத்தாம்லே இதக் கட்டுவாங்க. இருக்கதுலயே நல்லதத்தானல மக விசேஷத்துக்குக் கட்டணும்?" வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மணப்பாட்டிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. தோணித் தலைவனாக, தண்டலாக இருந்து ஆட்களை மேய்த்தவர். அவர் பேச்சைத் தட்டி அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. வாசலில் கைகூப்பி நின்ற உன்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது மடித்துக் கட்டிய சாரம். பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்ததை இறக்கிவிடாதவனை நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா?

"தம்பி, சம்பந்தம் பேச வந்திருக்கோம். மடிச்சுக் கட்டினத எறக்கி விடுங்க" என்றார்.

நீ சிரித்துக்கொண்டே, "இது எறங்காது அண்ணாச்சி" என்றாய்.

உள்ளதைத்தான் சொன்னாய். அவர் காதில், இறக்க மாட்டேன் என்று விழுந்தது. உட்காரப் போனவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்கலே, போவோம்" என்று பின்னால் திரும்பினார். கதவுத் திரைக்குப் பின்னால் உன் மகளின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். அப்போதுதான் என்னைக் கைகாட்டினாய்.

"அண்ணாச்சி, இருங்க. இந்தா, இவன்கிட்ட கேளுங்க. இவனுக்குத் தெரியும்."

வேனில் வந்த அத்தனை கண்ணும் என்மேல் திரும்பின. தைத்த துணி, இவ்வளவுதான் நீளம், இறக்க முடியாது என்று சொன்னால் போதும். ஒரு வரி. என் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சாப்பாட்டுப் பந்திய பாக்க வந்தவன்."

நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தப்பு என்மேல்தான் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாய். நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தியையும் நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன்.

நாலு நாள் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல டீக்கடைக்கு வந்தாய். சாரம் கட்டியிருந்தாய். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினாய். "நீ சொன்னது நெசந்தானல. ஒனக்கு எப்படித் தெரியும்? நீ ஒருநாளும் கேட்டதில்லையே." கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு நீ கில்ட்டைக் கட்டவே இல்லை. மகள் கல்யாணத்துக்கும் வேட்டிதான். அடுத்த சில மாதத்தில், காலையில் காப்பி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், அப்படியே போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நான் கில்ட்டைக் கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரி கரண்டியோடு நின்றாள். "இந்த வயசுல முழங்கால காட்டிட்டுப் போகணுமாக்கும்?" என்றாள். பிறகு அவளே பின்பக்கக் கொசுவத்தை நீவிவிட்டாள். வழியில் கால் கிலோ மக்ரூன் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு வியர்த்த வியர்வை கம்பளியால் வந்ததல்ல. பக்கத்து சீட்டில் பச்சைப் புடவை கட்டி, பாதயாத்திரையாக வந்து கால் வலித்து பஸ் ஏறிய ஒரு அம்மா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்தியோடு கேட்டாள்.

"குலசை அம்மனுக்கு வேஷம் போட்டிருக்கீகளோ? தசராவுக்கு இன்னும் நாள் கெடக்கே."

"வேஷம் இல்லம்மா. ஒரு சிநேகிதன் உடுப்பு."

"அவுகளுக்கு நேர்ச்சையா?"

யோசித்தேன். "அப்படித்தான்னு வைங்களேன்" என்றேன். அவள் என் முழங்காலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மக்ரூன் கொடுத்தேன். மணப்பாடு போய்ச் சேர்வதற்குள் ஒன்பது பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் பிறகு பொத்தானுக்குக் கை போகவில்லை. கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. நீ எட்டு மாதமாகச் சொன்ன செய்தி.

பங்குக் கோவில் வாசல் மணலில் மாப்பிள்ளையின் பெரியப்பா தடியூன்றி வந்தார். அவர் நெருங்க நெருங்க என் வலது கை தானாக இடுப்புக்குப் போய், மடிப்பை அவிழ்த்துவிடத் தேடியது. ஆயுசுப் பழக்கம். அங்கே வாரும் கொக்கியும்தான் இருந்தன. கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தடவிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்காதோ?" என்றார்.

"எறங்காது அண்ணாச்சி. தச்சது. நீளமே இம்புட்டுத்தான்."

குனிந்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். கொசுவத்தைப் பிரித்து, விட்டு, மறுபடி பிரித்தார். "அப்போ அன்னைக்கு அவரு..."

"மரியாதக் கொறவா சொல்லல. அங்கன கல்யாணத்துக்குக் கட்டுற உடுப்பாம் இது. மகளுக்காகக் கட்டினான். எனக்கு அன்னைக்கே தெரியும். எல்லாரும் பாத்ததும் பயந்துட்டேன். தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

ஊரே கேட்கச் சொல்ல வேண்டியதை, இரண்டு வருடம் கழித்து, ஒரே ஒரு கிழவரிடம் சொல்லி முடித்தேன். அழுகை வந்தது. அவர் குரல் இறங்கிக் கேட்டார்.

"கப்பலுக்குப் போறவன் சென்ட்டு வாங்குவான், வாட்ச்சு வாங்குவான். இத ஏன் வாங்கினாரு?"

கண்டக்டருக்குச் சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்தது. மீன்கார அக்காவின் பதிலும், சாமியாரின் பதிலும். எதையும் சொல்ல முடியவில்லை. விளையாட்டுக்குச் சொல்லும்போது உன் வாயோரம் எப்படிக் கோணும் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவையும் கோணியது.

"தெரியாது அண்ணாச்சி. நான் கேட்டதே இல்ல."

"நானும் கேக்கலையே. எறக்குன்னுல்லா சொன்னேன்" என்றார் பெரியவர். பையிலிருந்து நான் நீட்டிய மக்ரூனை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

உன் பேரன் தலையில் தண்ணீர் விழுந்ததும் ஊரைக் கூட்டினான். என் கையில் வாங்கியதும் கொசுவத்தில் ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டு அடங்கினான். உன் மகளிடம் கேட்டேன், அப்பா இதை ஏன் வாங்கினார் என்று. "காத்துக்குன்னு சொல்வாரே மாமா" என்றாள். உன் வீட்டுக்காரியிடம் கேட்டேன். குளிருக்கு என்றாள்.

இப்போது கில்ட் என் பீரோவில் இருக்கிறது. அவ்வப்போது கட்டிக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போகிறேன். கேட்கிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும், என் சிநேகிதனுக்குத்தான் தெரியும் என்கிறேன்.

ஊரே உன்னைக் கேட்டது. நாலடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்த நான்தான் கேட்கவில்லை. இந்தக் கடிதமே அதற்குத்தான். அந்தக் குளிர் ஊரில், கடைக் கண்ணாடிக்கு வெளியே தனியாக நின்று இந்த மஞ்சள் கோட்டைப் பார்த்திருப்பாயே, அப்போ என்னலே நெனச்ச?