நெஞ்சில் என்றுதான் சொன்னேன்

பிப்ரவரி 12, புதன்

காலையில் வங்கியில் வேலை பார்க்கும் அந்த அம்மா வந்தார். மூன்று வாரமாகக் கற்றுக்கொள்கிறார். கிளட்சைக் காலால் மிதிப்பதில்லை, பயத்தால் மிதிக்கிறார். மெதுவாக விடுங்கள் என்றால் பட்டென்று விட்டுவிடுவார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நிற்கும். டிரைவிங் ஸ்கூலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய என் கழுத்துக்கு இதெல்லாம் பழக்கம்தான். இன்று திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். என் காலடியில் இருக்கும் பிரேக்கை நான் மிதித்தேன். நாய் பிழைத்தது. பெல்ட் வெடுக்கென்று இழுத்ததில் எனக்கு வலது பக்கம் உயிர் போய் வந்தது.

குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். வலது மார்க்காம்புக்குக் கீழே பட்டாணி அளவில் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் நகரவில்லை. பெல்ட் பட்டு வீங்கியிருக்கும். தைலம் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 27

தைலம் தீர்ந்துவிட்டது. அது தீரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

டிவி பார்த்துக்கொண்டே அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மகள் கவனித்துவிட்டாள். என்னப்பா என்றாள். கல்லூரிக்குப் போகிற பெண்ணிடம் எதைச் சொல்வது? "நெஞ்சுல என்னமோ மாதிரி இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. மனைவி அடுப்பை அணைக்காமல்கூட ஓடி வந்தாள். இடது கை வலிக்கிறதா, வியர்க்கிறதா, தாடை இழுக்கிறதா என்று மகள் போனைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மச்சான் வாசலில் வந்து ஹாரன் அடித்தான். மனைவியின் அண்ணன், அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். டயர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கையில் கறுப்போடு வந்திருந்தான். "பேசாம ஏறுடா" என்றான்.

அந்த நெஞ்சு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எந்த நெஞ்சு என்று கேட்பார்களே. நமக்கு நெஞ்சு என்றால் எல்லாம் அதற்குள்தான். துக்கம் அடைப்பதும் அங்கே, பயத்தில் திக்கென்பதும் அங்கே, ஆள் போவதும் அங்கே. பெண்களுக்கு மட்டும் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம். அதை எடுத்து என் உடம்பில் எப்படி ஒட்டுவது?

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை இதய டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 11, செவ்வாய்

சட்டையைக் கழற்றி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். ஒரு பெண் ஜில்லென்று எதையோ தடவி, கருவியை விலா எலும்பில் வைத்து அழுத்தினாள். நான் வலது கையை மடக்கி அந்த இடத்தை மூடிக்கொண்டேன். குளிருதா சார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கண் திரையில் இருந்தது. அவள் கைக்கும் அதற்கும் நடுவில் நாலு விரற்கடை இருந்தால் அதிகம்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த இதயத்தை வைத்துக்கொண்டு மலையே ஏறலாம் என்றார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்றும் கேட்டார். மனைவியும் மச்சானும் என் வாயையே பார்த்தார்கள். இல்லை என்றேன். எதற்கும் உப்பைக் குறைத்துக்கொண்டு தினமும் நடக்கச் சொன்னார். வெளியே வந்ததும் மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தான். வலித்தது. நானும் கட்டிப்பிடித்தேன்.

ஏப்ரல் 23

மனைவி உப்பை ஏறக்குறைய நிறுத்தியே விட்டாள். எனக்காக அவளும் அந்தச் சப்பைச் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறாள். காலையில் என்னோடு நடக்கவும் வருகிறாள். நான் இளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஆள் நன்றாக இருக்கிறேன் என்கிறார்கள் எல்லோரும்.

காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் வெற்றுடம்போடு இருப்பதை விட்டுவிட்டேன். என்ன வெயிலானாலும் சட்டைதான்.

மே 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லியும் சொல்லாத கதைதான்.

வண்டிக்குக் காற்றுப் பிடிக்கிற சாக்கில் மச்சான் கடைக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே ஒப்பித்தேன். "மச்சான், மார்ல ஒரு கட்டி இருக்குடா."

"எங்க?" என்றான். காட்டினேன். ஒரு நொடி பார்த்தான். பிறகு கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, "டேய், நம்மாளுக்குப் பால் சுரக்கப் போகுதாம்டா, ஒரு சொம்பு கொண்டாங்க" என்றான்.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அப்புறம் அவன் பக்கத்தில் வந்து, கொழுப்புக் கட்டியாக இருக்கும், தன் தொடையில்கூட ஒன்று இருக்கிறது, கையை வைத்து நோண்டாமல் விடு என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். நாலு டயருக்கும் காற்றுப் பிடித்துவிட்டு, ஸ்டெப்னியையும் பார்த்து அனுப்பினான்.

மே 5

நல்ல ஜோக்தான். வேறொருத்தன் வந்து சொல்லியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மூன்றாவது மாடி. கதவுக்கு மேலே 'மகளிர் மார்பக நலப் பிரிவு'. உள்ளே நாற்காலிகளில் எல்லாம் பெண்கள். கூட வந்த கணவன்மார் வராந்தாவில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "அம்மா எங்க சார்? பேஷன்ட் வந்தாத்தான் பதிவு போட முடியும்" என்றாள்.

நான்தான் பேஷன்ட் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "வந்துக்கிட்டிருக்காங்க" என்றேன்.

வராந்தாவில் போய்க் கணவன்மாரோடு நின்றேன். மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்த ஒரு பெரியவர், என் வீட்டம்மாவுக்கும் அதுதானா என்று கேட்டார். தலையாட்டினேன். "தைரியமா இருங்க தம்பி. நாமதான் அவங்களுக்குத் தைரியம் சொல்லணும்" என்றார். அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் படியிறங்கி வந்துவிட்டேன்.

ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறேன், பயந்தா வண்டி ஓட்ட முடியாதுன்னு. த்தூ.

ஜூலை 8

அக்குளில் இன்னொன்று.

ஜூலை 20, ஞாயிறு

மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

பனியனில் கறை. மூன்று நாளாக நானே துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என்றைக்கும் இல்லாத வழக்கமாக நான் துவைப்பதே அவளுக்குச் சந்தேகமாகியிருக்கிறது. இன்று வாளிக்குள் கையை விட்டு எடுத்துவிட்டாள். பெல்ட் உராய்ந்தது என்றேன். அறைக்குள் கூட்டிப் போய், சட்டையைத் தானே தூக்கினாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். ஒரு விரலால் சுற்றிலும் தொட்டுப் பார்த்தாள். "எத்தன மாசமா?" என்றாள். பிப்ரவரி என்றேன். அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நெஞ்சுலன்னு சொன்னது இதத்தானா? நான் உப்ப நிறுத்தினேன். நீங்க பாத்துக்கிட்டே உக்காந்து சாப்ட்டீங்க."

அந்தப் பனியனை எடுத்துப் போய் அவளே துவைத்துப் போட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

ஜூலை 22, செவ்வாய்

அதே மூன்றாவது மாடி. நர்ஸ் நீல அங்கியைக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினாள். "எனக்கில்லம்மா, இவருக்கு" என்றாள் மனைவி, அறை முழுக்கக் கேட்க. எல்லாத் தலையும் திரும்பியது. திரும்பிய வேகத்தில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்த ஒரு நிமிஷத்துக்காகவா நான் இத்தனை நாள் ஓடினேன்?

டாக்டர் சின்னப் பெண். கட்டியைத் தொட்டாள், அக்குளைத் தொட்டாள், முகம் மாறவில்லை. "ஆம்பளைங்களுக்கும் இது வரும் சார். கொஞ்சப் பேருக்குத்தான் வரும். ஆனா வர்றவங்க எல்லாம் லேட்டாத்தான் வர்றாங்க" என்றாள். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள்.

ஜூலை 31

அதேதான். மார்பகப் புற்றுநோய். டாக்டர் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொன்னாள், கிளட்ச் பிரேக் என்று நான் சொல்வது மாதிரி.

ஆகஸ்ட் 14

ஸ்கேனில் முதுகெலும்பில் இரண்டு இடம், இடுப்பில் ஒன்று. கொஞ்ச நாளாக இருந்த முதுகு வலியை, வண்டியில் உட்கார்ந்தே தேய்ந்தது என்று நினைத்திருந்தேன். அது இல்லை.

வெட்டி எடுத்துவிட்டால் போய்விடாதா என்று மனைவி கேட்டாள். எலும்புக்குப் போன பிறகு வெட்டிப் பயனில்லை, மருந்து கொடுத்து நிறுத்தி வைக்கலாம் என்றாள் டாக்டர். நிறுத்தி வைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்து வைப்பேன். ரொம்ப நேரம் பிடிக்க முடியாது.

மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிப்ரவரியில் வந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி மூடித் திறந்தாள். "அப்ப வந்திருந்தா வேற பேச்சு பேசியிருப்போம் சார்" என்றாள்.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள். எனக்கு வால்கூட இல்லை.

ஆகஸ்ட் 30

வேண்டாம். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, புதன்

இரண்டாவது தடவை மருந்து ஏறியது. வாயெல்லாம் புண். விரல் நுனி மரத்துவிட்டது; சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது.

ஸ்கூலிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஹார்ட்தானே என்று கேட்டார்கள். மார்ச்சில் கேள்விப்பட்டதாம். மகள் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அவர்கள் தலைமுடி போன என்னைப் பார்த்துவிட்டு, ஹார்ட் மாத்திரை ரொம்பச் சூடு என்றார்கள். சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போன பிறகு மகள் அழுதாள். "ஏம்ப்பா என்னை இப்படிச் சொல்ல வைக்கிறீங்க?" என்றாள். நான் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லையே. அப்படிச் சும்மா இருந்ததைத்தானே கேட்கிறாள். செத்தாக்கூட நெஞ்சு வலியில போயிட்டான்னுதான் சொல்லப்போறாங்க. எனக்கு வந்தது என்னன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அவனவன் குளிக்கும்போது தடவிப் பாப்பான், பட்டாணின்னு நெனைச்சுக்குவான், தைலம் போடுவான்.

செப்டம்பர் 24

தூங்கினேன். எழுந்தேன். ஏன் எழுந்தேன்?

அக்டோபர் 5, ஞாயிறு

மச்சான் வந்தான். ரிசல்ட் தெரிந்ததிலிருந்து என் கண்ணில் படவே இல்லை. தங்கையிடம் போனில் விசாரிப்பான். மாத்திரைகளை வாங்கி வாசலிலேயே மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். இன்று உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். என் மொட்டைத் தலையைப் பார்த்தான். ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்குக் கடையில நான் சிரிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

ஒன்றும் மாறியிருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாகப் போவான். டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் இப்படி ஒவ்வொன்றாக மழுப்பி மழுப்பித்தான் நான் இங்கே வந்து படுத்திருக்கிறேன். "மாறியிருக்கும்டா" என்றேன். "ஆனா நானும்தான் சிரிச்சேன். உன்ன விடச் சத்தமா."

முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சின்ன வயதில் வாத்தியார் பிரம்பு முறிய அடித்தபோதுகூட அழாதவன். நான் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தான். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

"உனக்குத்தான்டா தெரியும் அது எப்படி இருக்கும்னு. கொஞ்சம் தொட்டுப் பாரேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆகஸ்டிலிருந்து என்றான். வீட்டில் சொன்னாயா என்றேன். எப்படிச் சொல்வது என்றான்.

இடது பக்கம். ரோமத்துக்கு நடுவில் நானே விரலை வைத்து அழுத்தினேன். இரண்டு விரல், பிறகு நாலு விரல், பிறகு உள்ளங்கை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சதையா கட்டியா, இருக்கிறதா இல்லையா, எதுவும் இந்த விரல்களுக்குத் தட்டுப்படவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன். மருந்து என் கையைக் கொன்று வைத்திருக்கிறது.

"எனக்குத் தெரியலடா" என்றேன். "கை மரத்துப் போச்சு. டாக்டர்தான் பாக்கணும்."

அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அங்கே போய் என்னவென்று சொல்வது என்று கேட்டான். நான் சொல்லிக் கொடுத்தேன். நெஞ்சில் என்று சொல்லாதே, மார்பகத்தில் கட்டி என்று சொல். பேஷன்ட் எங்கே என்று கேட்டால் நான்தான் என்று சொல். ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொன்னேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். கேட்கவில்லை என்றேன். இரண்டாவது தடவை அடுப்படியில் இருந்த மனைவிக்கே கேட்டுவிட்டது. அவள் வந்து கதவைத் திறந்தாள். அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் அவளிடமும் அதையே சொன்னான்.

நாளை எனக்கு மருந்து ஏற்றும் நாள். காலையில் மூன்று பேரும் ஒரே வண்டியில் போகிறோம். அவன் ஓட்டுகிறான்.