ஒரு சுரமும் மாறாது

ஜனவரி 8

அன்புள்ள கம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன்னோடு போனில் பேசினால் முழுச் சண்டை வருகிறது, எழுதினால் பாதிச் சண்டையோடு போய்விடும் என்று உன் மாமா சொல்கிறார். வயலின் கம்பிகளை அறுத்து அறுத்தே இந்தப் பெயரை வாங்கியவன் நீ. இன்று ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்களுக்கெல்லாம் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். நீ சொல்லித்தான் உங்கள் இயக்குநர் என் இசையைப் பார்த்தார். அதை மறக்க மாட்டேன்.

முழுப் பிரதியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நடுவில் தனி வயலின் வரும் பகுதி உன் கைக்கென்றே எழுதியது. அதை வேறு யார் கையிலும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நாடகத்துக்கு ஆர்மோனியம், வானொலிக்குப் புல்லாங்குழல், விளம்பரத்துக்கு கிதார், பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் என் தொண்டை. எங்கே ஆள் குறைந்தாலும் "அந்தம்மாவைக் கூப்பிடுங்க" என்பார்கள். எல்லா ஓட்டைக்கும் ஒரே தக்கையாக இருந்துவிட்டேன். அறுபது வயதில் இப்போதுதான் முதல் முறையாக என் பெயர் போட்டு, அரை மணி நேரம், என் இசை மட்டும். சிரிக்காதே, ஒட்டிய உறையை இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

மார்ச் கடைசியில் கச்சேரி. அதுவரை ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

பிரதி வந்தது. நன்றாக இருக்கிறது. ஒரே வரியில் முடித்துவிட்டானே என்று கோபப்படாதே. ஒத்திகை அறையில் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு, வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

சில இடங்களை மட்டும் மாற்றிக் கொடு. நாலாம் பக்கத்தில் உச்ச சுரத்தை ஒரு விரல் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் கீழே ஓடுகின்றன. அந்த உச்ச சுரம் வேண்டாம். எங்கள் அரங்கில் எதிரொலி அதிகம், குழம்பிவிடும். ஏழாம் பக்கத்தில் இரண்டு சுரங்கள் விறுவிறுவென்று மாறிமாறி வருவதும் கொஞ்சம் பழைய பாணி. எடுத்துவிடலாம். உனக்கு இதெல்லாம் ஒரு மணி நேர வேலை.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் கம்பி

ஜனவரி 29

அன்புள்ள கம்பிக்கு,

எதிரொலியா? அந்த அரங்கில் நீ வாசித்து நான் எத்தனை கச்சேரி கேட்டிருக்கிறேன்! யாரிடம் கதை விடுகிறாய்?

பற்பசை விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டபோது கம்பெனிக்காரர், "மெட்டு இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருக்கணும்மா" என்றார். வாயை மூடிக்கொண்டு வெள்ளையாக்கிக் கொடுத்தேன். நாடகத்தில் ஓர் அழுகைக் காட்சிக்கு உருகி உருகி எழுதியதை, கதாநாயகன் மூக்கைச் சிந்தி முடிக்கும் நேரத்துக்கு அளந்து வெட்டிக் கொடுத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தே என் காலம் போய்விட்டது. இந்த ஒன்றை மட்டும் நான் எழுதியபடியே கேட்டுவிட்டுச் சாகிறேனே. ஒரு சுரமும் மாறாது.

"அவன் வாசிச்சுப் பழகிட்டான்னா சரியாயிடும், நீ ஏன் குதிக்கிற?" என்கிறார் உன் மாமா. அவர் எப்போதும் உன் கட்சிதான்.

உன் அக்கா

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

பழகினால் சரியாகும் விஷயம் இல்லை இது. இன்னும் நாலைந்து இடங்களைக் தனித்தாளில் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். காரணம் கேட்காதே. இல்லாவிட்டால் நான் வாசிக்கப் போவதில்லை.

நீ எல்லாக் கருவியும் வாசிப்பாய். ஆனால் எதையும் பிடித்துக்கொண்டு ஆயுசு பூராவும் உட்கார்ந்தவள் இல்லை. ஒரே ஒரு வாத்தியத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கு என்ன பயம் இருக்கும் என்று உனக்கு எங்கே தெரியப் போகிறது?

தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

எல்லாம் தெரிந்தவள், ஆனால் ஒன்றும் உருப்படியாகத் தெரியாதவள். வெளியில் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளை சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. நெஞ்சு ஆறவில்லை.

உங்கள் இயக்குநருக்கு நானே எழுதிவிட்டேன். நீ மாற்றச் சொன்ன இடங்களையெல்லாம் இன்னொரு பிரதியில் சிவப்பு மையில் வட்டமிட்டு, இவற்றில் எதையும் மாற்ற மாட்டேன், உங்கள் வயலின்காரருக்கு மனம் இல்லையென்றால் வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தபாலில் சேர்த்தாகிவிட்டது.

அக்கா

பிப்ரவரி 19

கம்பி, என் ராஜா,

போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கவில்லை. அதனால் அவசரத் தபாலில் இது.

நீ முடியாது என்ற இடங்களை நானே வாசித்துக் காட்டி உன் மூக்கை உடைக்கலாம் என்று இன்று காலை வயலினை எடுத்தேன். முதல் வட்டத்தில் சுண்டு விரல் வந்தது. இரண்டாவதிலும் சுண்டு விரல். மூன்றாவதில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்ட?" என்று உன் மாமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நான் பக்கங்களை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். மற்ற மூன்று விரல்களும் படாத பாடு படும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பற்றி நீ மூச்சே விடவில்லை. நீ மாற்றச் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் சுண்டு விரல்தான்.

என்னடா ஆச்சு உன் விரலுக்கு? என்னிடம் சொல்வதற்கு என்ன?

உங்கள் இயக்குநரும் வயலின்காரர்தான். அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தால் அவருக்கும் புரிந்துவிடும். அந்த உறை அவர் மேசைக்குப் போவதற்குள் எப்படியாவது எடுத்துவிடு. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். எல்லா இடத்தையும் மாற்றித் தருகிறேன்.

அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

உன் அவசரத் தபால் ஒரு நாள் பிந்திவிட்டது.

இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார். உன் பக்கங்கள் மேசைமேல் விரித்திருந்தன. தன் வயலினையே எடுத்து நீட்டி, "முதல் வட்டத்தை மட்டும் வாசிங்க" என்றார். விரல் உள்ளே சுருண்டுகொண்டது. சில மாதங்களாகவே அப்படித்தான். வலியில்லை. சட்டைப் பொத்தான் போடும்போது ஒழுங்காக இருக்கிறது, வயலினைத் தொட்டால் மட்டும் மடங்கிக்கொள்கிறது. விரலில் கோளாறு இல்லை, மூளை அதற்குச் சொல்வதில்தான் கோளாறு என்கிறார் டாக்டர். சரியாகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. மற்றவர்களின் இசையில் எப்படியோ வேறு விரலை நகர்த்திச் சமாளித்து வந்தேன். நீ என் கையை அளந்து எழுதியதில் ஒளிய இடமில்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

இயக்குநர் நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்பவில்லை. இசைத்தாள்களை எடுத்து வைக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். உன் பகுதியை இரண்டாம் நாற்காலிப் பெண் வாசிக்கிறாள். இப்போது போய் எதையும் மாற்றாதே. நீ கேட்டபடியே ஒரு சுரமும் மாறவில்லை.

கச்சேரிக்கு வா. என்னைப் பார்க்க வராதே. கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 30

அன்புள்ள கம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதைக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே, இசைத்தாளோடு வந்த துண்டுச்சீட்டு என்று வைத்துக்கொள்.

அந்தப் பெண் அருமையாக வாசித்தாளாம், எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கச்சேரி தொடங்குவதற்கு முன் நீ வந்து ஒவ்வொரு ஸ்டாண்டிலும் என் தாள்களை வைத்து, ஓரத்தை நேராக்கிவிட்டுப் போனாய். அதைப் பார்த்ததோடு சரி. பிறகு கைதட்டினார்கள், எழுந்து நின்று கும்பிட்டேன். ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இத்துடன் இருப்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. தனி வயலினுக்குப் பத்து நிமிட இசை. சுண்டு விரலுக்கு இதில் வேலையே கிடையாது. எழுதி முடிக்கும்வரை என் சுண்டு விரலைத் துணியால் கட்டிக்கொண்டுதான் வாசித்துப் பார்த்தேன். "கையில என்ன, அடிபட்டுச்சா?" என்றார் உன் மாமா. ஆமாம் என்றேன்.

நான்கு விரலும் நன்றாக இருப்பவர்களுக்கு இது ஒத்து வராது. பிடிக்கவில்லையென்றால் வாசிக்க வேண்டாம். மற்றத் தாள்களோடு அலமாரியில் போட்டு வை.

உன் அக்கா

ஜூன் 14

அக்கா,

மூன்றாம் பக்கத்தின் நடுப்பகுதி சரியில்லை. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று மோதிர விரலுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறாய். பாவம் பார்த்து எழுதியிருக்கிறாய் என்று கேட்கும்போதே தெரிகிறது. நேற்று அந்த இடத்தை ஆத்திரத்தில் இழுத்து ஒரு கம்பி அறுந்துவிட்டது. புதிது மாட்டியிருக்கிறேன்.

மாற்றிக் கொடு. இன்னும் கஷ்டமாக எழுது.

உன் கம்பி